மாரிகுப்பம் ரயிலில் சீட்டுப் பிடித்த புத்தகம்

1. புத்தகத்துக்கு வாடகையா?

ஒரு திங்கட்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். பள்ளிக்கூடத்தில் மதியச் சமையலை முடித்துவிட்டு, மஞ்சள் தூள் ஒட்டிய கையோடு ஓர் அம்மா நூலகத்தில் என் கவுன்டருக்கு வந்து நின்றார். துணிப்பையிலிருந்து கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து, இரண்டு கைகளாலும் மேசைமேல் வைத்தார். பழைய புள்ளியியல் பாடப்புத்தகம். அதைத் தூக்கி அலமாரியில் வைப்பதற்குள் எனக்குத் தோள் வலிக்கும்.

"கௌதமியோட அம்மா மேடம். எம்.காம். முடிச்சிதே, அந்தப் பொண்ணு. புக்கக் குடுத்துட்டு நோ ட்யூ வாங்கினு வரச் சொல்லுச்சு."

கௌதமியை எனக்குத் தெரியும். எங்கள் கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயல், பல்கலைக்கழக முதுகலை மையத்தில் படித்த பெண். படிப்பு முடிந்ததும் பெங்களூரில் ஒரு கடையில் பில் போடும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். இப்போது அரசாங்க அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவு வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். வெள்ளிக்கிழமை பெங்களூரில் சான்றிதழ் சரிபார்ப்பு. அதற்கு ஒரிஜினல் மார்க்ஸ் கார்டு வேண்டும். மார்க்ஸ் கார்டு தர வேண்டுமானால் நூலகத்தில் பாக்கி எதுவும் இல்லை என்று நான் 'நோ ட்யூ' கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு போய் நின்றால் அவள் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

எனக்குக் கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சிரித்துக்கொண்டேதான் பார்கோடு ஸ்கேனரை எடுத்தேன். பீப் என்றது. திரையில் சிவப்பு எழுத்தில் ஃபைன் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அந்த அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகமான தொகை அது.

திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் குனிந்து எண்களை விரலால் எண்ணினார். அப்புறம் கேட்டார்.

"இன்னா மேடம் இது? புக்குக்கு வாடகையா? எங்க லைன் வூட்டுக்கே இவ்ளோ வாடகை இல்லியே!"

சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் வாடகை எனக்கும் தெரியும். கேள்வி நியாயமானது. முன்பெல்லாம் புத்தகத்தின் பின்அட்டையில் ட்யூ டேட் ஸ்லிப் ஒட்டியிருக்கும். தேதி தாண்டினால் சில்லறைக் காசுதான் அபராதம். டீ குடிக்க வைத்திருந்த காசை நீட்டிவிட்டுப் போய்விடுவார்கள். புது சாஃப்ட்வேர் வந்தபோது கூடவே ஒரு சர்குலரும் வந்தது. வாரம் ஏற ஏற அபராதமும் ஏறும். ஞாயிறு, பண்டிகை, நூலகத்துக்குப் பூட்டுப் போட்ட நாள் என்று எதற்கும் விலக்குக் கிடையாது. ஐந்து மணிக்கு மேல் கவுன்டரில் எந்தச் சேவையும் கூடாது. அந்தச் சர்குலரை எங்கே ஒட்டினார்கள் தெரியுமா? நூலகத்தின் கதவில். நூலகத்துக்கு வர முடியாதவர்கள் கட்டவேண்டிய அபராதத்தைப் பற்றிய அறிவிப்பை நூலகத்துக்கு வந்தால்தான் படிக்க முடியும். இதை யோசித்தவரின் மூளையை எந்த வார்த்தையால் பாராட்டுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"நான் கட்டிடறேன் அம்மா. அப்புறமா பார்த்துக்கலாம்" என்றேன்.

"உங்க காசு இன்னாத்துக்கு மேடம்? நீங்களும் சம்பளக்காரங்கதான். நியாயத்தக் கேட்டுச் சொல்லுங்க, அது போதும்." அவர் பையை மடித்துக்கொண்டு போய்விட்டார். புத்தகம் என் மேசையில் கிடந்தது.

2. சிஸ்டம் சொல்லுது

நியாயம் கேட்க வேண்டிய இடம் மாடியில் இருந்தது. அங்கேதான் நிர்வாக அதிகாரியின் அறை. ஏ.ஓ. சார் என்போம். வெளியூர்க்காரர் என்றால் ஊர் தெரியாமல் பேசுகிறார் என்று விட்டுவிடலாம். இவர் எங்கள் ஊர்க்காரர். இவர் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஷிஃப்டில் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறித் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். மகன் காரில் ஏறியதும் ரயில் மறந்துபோய்விட்டது. அந்த வாரம் அவருக்குப் பதவி உயர்வு வந்து, தலைமை வளாகத்துக்கு மாற்றலும் ஆகியிருந்தது. மேசைமேல் மைசூர்பாக்குப் பெட்டி திறந்திருந்தது.

"எடுத்துக்கோங்க மேடம்."

எடுக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். "சார், அந்தப் பொண்ணு விடிகாலை முதல் ரயிலுக்குப் போகுது. திரும்பி வர்றப்போ எட்டரை ஒன்பது ஆயிடும். நம்ம கவுன்டர் பத்துக்குத் திறந்து அஞ்சுக்கு மூடுது. அவ எப்படி சார் வந்து குடுப்பா?"

"லீவ் போட்டுட்டு வரணும் மேடம்."

"லீவ் போட்டா அன்னைக்குச் சம்பளம் இல்ல சார்."

"அதுக்கு யுனிவர்சிட்டி இன்னா பண்ணும்? சிஸ்டம்ல வந்துடுச்சு. சிஸ்டம் சொல்றத நான் மாத்த முடியாது. உங்களால முடியுமா? என்னாலயும் ஆகாது." சொல்லிவிட்டு மானிட்டரைத் தட்டினார், ஏதோ அதுதான் தீர்ப்புச் சொன்ன நீதிபதி போல.

அவர் தட்டிய இடத்தைப் பார்த்தேன். மானிட்டர் அவர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று அடியில் இரண்டு தடித்த புத்தகங்களை முட்டுக்கொடுத்திருந்தார்கள். முதுகில் வெள்ளை லேபிள். லேபிளில் என் கையெழுத்து. காஸ்ட் அக்கவுன்டிங், இரண்டு பாகமும். எம்.காம். பிள்ளைகள் வந்து கேட்கும்போதெல்லாம் "இஷ்யூ ஆகியிருக்கு, வந்ததும் தர்றேன்" என்று நான் சொல்லிச் சொல்லி அனுப்பிய அதே புத்தகங்கள். கௌதமியும் கேட்டு, இல்லை என்றதும் முகம் வாடிப் போயிருக்கிறாள்.

"சார், அது லைப்ரரி புத்தகம்."

குனிந்து பார்த்தார். சிரித்தார். "ஆமா மேடம். எப்பவோ எடுத்தது. இருக்கட்டும், ஸ்டாஃபுக்குத்தான் ஃபைன் கிடையாதே."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் சிஸ்டம் பிள்ளைகளுக்கு அபராதம் போடுகிறது. கீழே கிடக்கும் புத்தகத்துக்கு யாரும் எதுவும் கட்ட வேண்டாம். இதைச் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கோபம் வந்தால் எனக்கு முதலில் அழுகைதான் வரும். அது தெரிந்துவிடக்கூடாது என்று எழுந்து வந்துவிட்டேன்.

3. கைக்குட்டையும் புத்தகமும்

என் வீடு மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மறுநாள் விடியுமுன் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனேன். கௌதமியிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. படிக்கும் காலத்தில் தேதி தவறாத பெண். பரீட்சை முடிந்த பிறகு அந்தப் புள்ளியியல் புத்தகத்தை இத்தனை நாள் எதற்கு வைத்திருந்தாள்? அம்மாவிடம் அப்போதே கொடுத்து அனுப்பியிருக்கலாமே? ஏ.ஓ.விடம் மறுபடி போய் வாதாட எனக்கு அந்தப் பதில் வேண்டும்.

ரயில் மாரிகுப்பத்தில்தான் புறப்படுகிறது, அதனால் பெட்டி காலியாக இருக்கும். ஏறுகிறவர்கள் தங்களுக்கு ஒரு சீட்டு, அடுத்தடுத்த ஸ்டேஷனில் ஏறப் போகிறவர்களுக்கு ஒரு சீட்டு என்று பிடித்து வைப்பார்கள். ஒருவர் கைக்குட்டை போடுவார், இன்னொருவர் சாப்பாட்டுப் பை வைப்பார். எங்கள் ஊர் ரயிலில் எழுதாத சட்டம் இது. கௌதமி ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து சீட்டில் தன் பையை வைத்திருந்தாள். எதிரில் துரை உட்கார்ந்திருந்தார். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பல வருஷமாக இதே பெட்டியில் போகிறவர்.

என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து நின்றாள். கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். துரைதான் சொன்னார்.

"அத இன்னாத்துக்கு மேடம் அதுகிட்ட கேக்கறீங்க? எங்களக் கேளுங்க. அந்த புக்குதான் எங்க ஸ்டெல்லாம்மாவுக்கு சீட்டு."

"சீட்டா?"

"கோரமண்டல் ஸ்டேஷன்ல ஏறுவாங்க. ஆஸ்பத்திரில ஆயா வேல. மொழங்கால் ரெண்டும் போச்சு, நின்னுகினு வர முடியாது. கர்ச்சீப் போட்டா தூக்கிக் கெடாசிட்டு ஒக்காந்துடறானுங்கோ. பைய வெச்சா நவுத்தி வுட்டுடறானுங்கோ. ஒரு நாளு இந்தப் பாப்பா படிக்கறதுக்குக் கொண்ணாந்த புக்க வெச்சிச்சு. ஒருத்தனும் தொடல மேடம்! சரஸ்வதின்றான் ஒருத்தன், லைப்ரரி சீலு கீது, வம்புன்றான் இன்னொருத்தன். அன்னைலேர்ந்து அந்த புக்குதான்."

நியாயமாகப் பார்த்தால் எனக்கு முதலில் அவர்கள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவும் செய்தது. நூலகப் புத்தகம் என்ன துண்டா, போட்டு இடம் பிடிக்க? ஆனால் ஒன்றை நினைத்துப் பார்த்தேன். தெரியாமல் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனங்கள் இவர்கள். புத்தகத்துக்கு இருக்கும் அந்த மரியாதையை நம்பித்தான் அந்தப் பெண் அதை சீட்டில் வைத்திருக்கிறாள். மாடியில் ஒருவர் அதே நூலகத்தின் புத்தகத்தை மானிட்டருக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார்.

"ஃபைன் பழைய மாதிரி சில்லறையாத்தான் வரும்னு நெனச்சேன் மேடம்" என்றாள் கௌதமி. "புது ஃபைனப் பத்தி மெயில் அனுப்பினோம்னு ஆபீஸ்ல சொல்றாங்க. அந்த காலேஜ் மெயில யார் மேடம் தெறக்கறாங்க?"

ரயில் கிளம்பும் நேரம். பங்காருபேட்டை வரை போய் அடுத்த வண்டியில் திரும்பலாம் என்று நானும் உட்கார்ந்துகொண்டேன். கோரமண்டலில் கூட்டம் ஏறியது. யாரோ ஒருவன் கௌதமியின் பையை எடுத்து அவள் மடியிலேயே போட்டுவிட்டு உட்கார்ந்தான். துரை சத்தம் போட்டார். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டெல்லாம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து என் இடத்தைக் கொடுத்தேன்.

"இன்னிக்கு புக்கு எங்க பாப்பா?" என்று கேட்டார் அவர். கௌதமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

4. எலுமிச்சை சாத வாசனை

அன்றைக்கு மறுபடியும் மாடிக்குப் போனேன். ரயில் விஷயத்தைச் சொன்னதும் ஏ.ஓ. சார் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "சீட்டுப் புடிக்க யூஸ் பண்ணிட்டாங்கன்னு நீங்களே சொல்றீங்க. மிஸ்யூஸ்னு அதுக்கு வேற ஃபைன் போடணும் மேடம்." வாய்விட்டே கேட்டேன்: "கொறைக்க வழியே இல்லையா சார்?" இல்லை என்றார். சாஃப்ட்வேரில் அப்படி ஒரு இடமே கிடையாது என்றார். திட்டவட்டமாக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

புதன்கிழமை விடிகாலை என் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம். துரை நின்றிருந்தார். கையில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா.

"ரயில் கெளம்பிடும் மேடம், புடிங்க. பாப்பா கணக்க முடிச்சிடுங்க."

திறந்து பார்த்தேன். உள்ளே மடித்ததும் கசங்கியதுமாக ரூபாய் நோட்டுகள், அடியில் நாணயங்கள். முந்தின நாள் ராத்திரி ரயிலில் திரும்பும்போது பெட்டி முழுக்க அந்த டப்பாவைச் சுற்றவிட்டிருக்கிறார்கள். முதல் நோட்டைப் போட்டது ஸ்டெல்லாம்மாவாம். பேர் தெரியாத சிலரும் போட்டிருக்கிறார்கள். காலையில் பையைத் தள்ளி உட்கார்ந்தவனும் போட்டானாம். டப்பாவில் இன்னும் எலுமிச்சை சாத வாசனை இருந்தது.

"அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"சொல்லிட்டோம். மொதல்ல வேணாம்னாங்க. அது பாப்பாவோட ஃபைன் இல்ல, எங்களுது, நாங்கதான் ஒக்காந்தோம்னேன். அப்பறம் ஒண்ணும் சொல்லல."

கவுன்டரில் அந்தப் பணத்தை வாங்கி ரசீது போட்டவள் நான்தான். நாணயங்களை அடுக்கும்போது எனக்கு ஏற்பட்ட அவமானம் என் சர்வீஸில் வேறு எப்போதும் ஏற்பட்டதில்லை. டீயைக் குறைத்துக்கொண்டு சேர்த்த காசை ஒரு பல்கலைக்கழகம் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்கிறது. நான் கையெழுத்துப் போட்ட நோ ட்யூவில் ஏ.ஓ. சாரும் ஃபோன் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை மார்க்ஸ் கார்டு கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை கௌதமி போனாள், வேலை உறுதியானது. நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அப்போதைக்கு நானும் அப்படித்தான் சொன்னேன்.

5. எழுத்துல கேளுங்க சார்

சனிக்கிழமை சாயங்காலம், கவுன்டரை மூட இன்னும் கொஞ்ச நேரமே இருக்கும்போது, ஏ.ஓ. சார் இறங்கி வந்தார். கையில் அந்த இரண்டு புத்தகங்கள். ரிலீவ் ஆகிப் போகிற அதிகாரிக்கும் நூலக நோ ட்யூ வேண்டும். அதை அவர் அன்றுதான் கவனித்திருக்கிறார்.

புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். மானிட்டர் பாரத்தில் ஒன்றின் அட்டை நடுவில் பிளந்து, தையல் விட்டுப்போயிருந்தது. தாமதத்துக்குத்தான் ஸ்டாஃபுக்கு ஃபைன் கிடையாது. சேதத்துக்கு உண்டு. ஸ்கேன் செய்து சேதம் என்று பதிந்தேன். புத்தக விலை சிவப்பு எழுத்தில் வந்தது.

"அட, இத வேற கட்டணுமா? தள்ளுங்க மேடம்" என்றார். என் கீபோர்டை இழுத்துத் தன் லாகினைப் போட்டார். ஒரு பக்கம் திறந்தது. அதுவரை நான் பார்த்திராத பக்கம். அதில் 'தள்ளுபடி' என்று ஒரு பொத்தான். அழுத்தினார். சிவப்பு எழுத்து மறைந்துபோனது.

 திரையைப் பார்த்தபடியே கேட்டேன்.

"சார், இது அன்னைக்கே இருந்துச்சா?"

"எது?"

"இந்தப் பொத்தான்."

"இருந்துச்சு மேடம். சாஃப்ட்வேர் வந்த நாள்லேர்ந்து கீது."

"நான் ரெண்டு தரம் வந்து கேட்டேனே சார்!"

அவர் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "நீங்க வாயால கேட்டீங்க. எழுத்துல யாரும் கேக்கலியே."

அழுகை வரவில்லை. முதல் தடவையாகக் கோபம் கோபமாகவே வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணி தாண்டியிருந்தது. கவுன்டர் கண்ணாடியை இழுத்துச் சாத்தினேன்.

"டைம் ஆயிடுச்சு சார். அஞ்சுக்கு மேல எந்தச் சேவையும் கூடாதுன்னு உங்க சர்குலர். திங்கக்கெழம பத்து மணிக்கு வாங்க."

"மேடம், வெளையாடாதீங்க. திங்கக்கெழம காலைல நான் அங்க ஜாயின் பண்ணணும்."

"லீவ் போடுங்க சார்."

அவர் முகம் சிவந்தது. சத்தம் போட்டார். நான் பூட்டைத் தேடினேன். கடைசியில் குரல் இறங்கியது. "இப்ப நான் இன்னா பண்ணணும், சொல்லுங்க."

"எழுத்துல கேளுங்க சார்."

வெள்ளைத்தாள் கொடுத்தேன். நின்றபடியே எழுதினார்: பணியின் காரணமாக நூலக நேரத்தில் வர இயலாத நிலையில் இருப்பதால், நேரம் கடந்து சேவை அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கீழே கையெழுத்து, பதவி, சீல். வாங்கிப் படித்தேன். முதல் ரயிலில் போகிற எங்கள் பிள்ளைகள் எல்லோரும் கேட்க வேண்டிய வரி அது. நோ ட்யூவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். திரும்பிப் பார்க்காமல் போனார்.

அடுத்து வந்த அதிகாரி ஓர் அம்மையார். அவர் சேர்ந்த வாரமே ஒரு விண்ணப்பம் வைத்தேன். வேலைக்குப் போய்வரும் மாணவர்களுக்காக வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி ரயில் வந்த பிறகும் கவுன்டர் திறந்திருக்க வேண்டும். பூட்டியிருந்த நாட்களுக்கு ஃபைன் கூடாது. கூடவே பழைய ஏ.ஓ. எழுதிய தாளின் நகலையும் இணைத்தேன். ஓர் அதிகாரிக்கு நேரம் கடந்து சேவை தரலாம் என்றால் மாணவர்களுக்கு ஏன் தரக்கூடாது என்று ஒரே ஒரு கேள்விதான் எழுதினேன். அம்மையார் இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி மேடம்" என்றார். இன்றும் செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி எங்கள் நூலகத்தில் விளக்கு எரிகிறது.

ஆனால் டிபன் டப்பாவில் வந்த பணம் திரும்பவில்லை. ரசீது போட்டுக் கணக்கில் ஏறிய ஃபைனைத் திருப்பித் தர வழியில்லை என்று ஃபைனான்ஸ் பிரிவில் சொல்லிவிட்டார்கள். பிளாட்பாரத்தில் துரையிடம் தள்ளுபடிப் பொத்தானைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வுடுங்க மேடம்" என்றார். "எத்தினி நாளு அந்த புக்கு எங்களுக்கு சீட்டு வெச்சிகினு வந்துது. அதுக்குக் குடுத்ததா நெனச்சிக்கறோம்."

அவர்களால் விட முடிகிறது. என்னால் முடியவில்லை, விடவும் கூடாது என்று நினைக்கிறேன். கவுன்டரில் புதிதாக உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சிஸ்டம் சொல்லுது என்று யாராவது சொன்னால், யாருடைய லாகினில் சொல்லுது என்று கேளுங்கள். முடியாது என்றால், முடியாது என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதையும் தாளில் கேட்டு, வாங்கிக்கொண்டதற்குச் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் உங்கள் ஊர்க்காரர் என்பதற்காக வாய்ப்பேச்சோடு நிறுத்திவிடாதீர்கள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் மாதம் பிறந்ததும் ஃபைனான்ஸ் பிரிவுக்கு ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு போகிறேன். மாரிகுப்பம் ரயில் பெட்டிக்காரர்களின் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டு, நகலில் சீல் வாங்கி வருகிறேன். என்னைக் கண்டதும் அங்கே சிலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குனியட்டும். எழுத்தில் யாரும் கேட்கவில்லை என்று இனிமேல் ஒருவரும் சொல்ல முடியாது.